பிரீமியம் ஏறிவிட்டது, மருந்துச் செலவும் கையைக் கடிக்கிறது: எதில் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது?

மழைக்காகிதம்:
எல்லாருக்கும் வணக்கம். மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நேற்றுக் கடிதம் வந்தது. போன வருடத்தைவிட பிரீமியம் கிட்டத்தட்ட கால்பங்கு கூட. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், என் அப்பா. அப்பாவுக்கு 71 வயது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. மூன்று மாதத்துக்கு முன் மூச்சுத் திணறலோடு நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். மொத்த பில்லில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் காப்பீடு கொடுத்தது, மிச்சம் எங்கள் கையிலிருந்து போனது. அந்தக் கடனே இன்னும் தீரவில்லை.

கணவர் பாலிசியை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை வங்கியில் போடலாம் என்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்று காலை அப்பாவின் அறையைக் கூட்டும்போது மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்று காலியாக இருந்தது. கேட்டால், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் நன்றாகத்தானம்மா இருக்கிறேன், ஒரு அட்டை இரண்டு மாதம் வருகிறதே" என்கிறார். அவர் எனக்காகச் சிக்கனம் பிடிக்கிறார் என்பது புரிந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன். எதில் சேமிக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தனிவழி:
நான் உங்கள் கணவர் கட்சி. ஒன்பது வருடமாக எனக்குக் காப்பீடு கிடையாது. பிரீமியமாகக் கட்டியிருக்க வேண்டிய தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். இதுவரை பல் வைத்தியம், ஒரு கை எலும்பு முறிவு, அவ்வளவுதான் செலவு. மீதி எல்லாம் என் பணமாகவே இருக்கிறது. காப்பீட்டில் போட்டிருந்தால் ஒரு காசு திரும்பி வந்திருக்காது.

பழையசைக்கிள்:
தம்பி தனிவழி, ஒன்பது வருடம் விடாமல் சேர்த்தது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள். நான் முப்பது வருடம் கணக்கெழுதிச் சம்பாதித்தவன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஒன்பது வருடத்தில் நீங்கள் சேர்த்தது ஒன்பது வருடப் பிரீமியம். இருதய அறுவை சிகிச்சையோ புற்றுநோய் வைத்தியமோ வந்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஒரே வருடத்தில் கேட்கும். அது இருபதாவது வருடத்தில்தான் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இரண்டாவது வருடத்திலும் வரலாம். கையிலிருக்கும் சேமிப்பு தாங்கும் செலவுக்குக் காப்பீடு தேவையில்லை. தாங்காத செலவுக்குத்தான் அது. காசு திரும்பி வரவில்லை என்று வருத்தப்படுவது, வருடம் முழுக்க வீடு தீப்பிடிக்கவில்லை என்று வருத்தப்படுவது போல.

மழைக்காகிதம் அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறுத்துவது, அப்படியே கட்டுவது என்று இரண்டு வழி மட்டும்தான் இருப்பதாக நினைக்காதீர்கள். நடுவில் டிடக்டிபிள் என்று ஒன்று இருக்கிறது, அதாவது முதலில் இவ்வளவு வரை நான் கொடுத்துக்கொள்கிறேன், அதற்கு மேலே நீ கொடு என்று சொல்வது. அந்த "இவ்வளவு" எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குப் பிரீமியம் இறங்கும்.

எண் வைத்துச் சொல்கிறேன். ஒரு பாலிசிக்கு வருடப் பிரீமியம் 100, டிடக்டிபிள் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றுக்குப் பிரீமியம் 70, டிடக்டிபிள் 60. நோய் வராத வருடத்தில் முதல் பாலிசிக்காரருக்கு 100 போகும், இரண்டாமவருக்கு 70. பெரிய நோய் வந்த வருடத்தில் முதலாமவருக்கு 120, இரண்டாமவருக்கு 130. ஆக இரண்டாவதை எடுத்தவர் நல்ல வருடத்தில் 30 மிச்சம் பிடிக்கிறார், கெட்ட வருடத்தில் 10 கூடக் கொடுக்கிறார். நான்கு வருடத்தில் மூன்று வருடம் மருத்துவமனையில் படுத்தால்தான் இரண்டும் சமமாகும். ஆரோக்கியமாக இருக்கும் உங்கள் நால்வருக்கும் இது பொருந்தும். உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது, அவருக்கு ஒவ்வொரு வருடமும் அந்த 60 செலவாகிவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் ஐந்து பேரையும் ஒரே பாலிசியில் கட்டிவைக்காமல் அப்பாவுக்குத் தனியாக, உங்கள் நால்வருக்குத் தனியாக விலை கேட்டுப் பாருங்கள். குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்து மொத்தப் பிரீமியத்தையும் கணக்கிடும் பாலிசிகள் உண்டு. அப்படிப்பட்டதில் நீங்கள் இருந்தால் பிள்ளைகளுக்கும் சேர்த்து 71 வயதுக்காரரின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு நிபந்தனை. மிச்சமாகும் அந்த 30-ஐ எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். அந்தப் பணம் கையில் இல்லாமல் டிடக்டிபிளை மட்டும் உயர்த்தினால் ஆபத்து வரும் நாளில் கடன்தான்.

இரவுப்பணி:
அக்கா, நான் செவிலியர். பாலிசி பேச்சை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு அப்பாவின் மாத்திரையைக் கவனியுங்கள். எந்த மாத்திரையை ஒன்றுவிட்டு ஒன்று போடுகிறார் என்று பாருங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி "லால்" என்று முடிகிற மருந்தாக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் விட்டுவிட்டுப் போடுவதும் இருதயத்தைப் படபடக்க வைக்கும், நெஞ்சுவலியைக்கூட வரவழைக்கும். இரத்த அழுத்தம் ஏறியிருப்பது உடம்புக்குத் தெரியாது, அதனால்தான் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறார். அவரைத் திட்டாதீர்கள். இப்படிச் செய்கிற ஆள் அவர் மட்டும் இல்லை. நீண்டநாள் நோய் உள்ளவர்களில் வசதியான நாடுகளிலேயே சுமார் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. பக்கவாதம் வந்து எங்கள் வார்டுக்கு வருகிறவர்களிடம் கேட்டால் அடிக்கடி வரும் பதில், "மாத்திரை தீர்ந்துபோய் ஒரு மாதமாகப் போடவில்லை". ஒரு அட்டை மாத்திரையில் மிச்சம் பிடித்தது ஒரு பக்கக் கையும் காலுமாகப் போய்விடுகிறது.

நாளைக்கே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "இந்தச் செலவு எங்களுக்கு முடியவில்லை, இதே வேலையைச் செய்யும் விலை குறைந்த மருந்து இருக்கிறதா?" இப்படிக் கேட்க நிறையப் பேர் கூச்சப்படுகிறார்கள். கேட்காவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? எழுதிக் கொடுக்கும் மருந்து கடையில் என்ன விலை என்பது பெரும்பாலான மருத்துவர்களுக்கே தெரியாது.

அப்புறம் அந்த நான்கு நாள் பில். விவரமான பில் வாங்கினீர்களா, இல்லை மொத்தத் தொகை போட்ட ஒரு தாள் மட்டுமா?

மழைக்காகிதம்:
பழையசைக்கிள் ஐயா, இரவுப்பணி, இருவருக்கும் நன்றி. அப்பாவிடம் பேசினேன். மருத்துவரை நாளை மறுநாள் பார்க்கிறோம்.

ஒரு தாள்தான் வாங்கியிருந்தேன். நீங்கள் கேட்டதால் இன்று மதியம் அங்கே போய் விவரமான பில் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் முதலில் "கணக்கு முடிந்துவிட்டதே" என்றார். எங்கள் பில், எங்களுக்கு வேண்டும் என்று நின்றேன். அரை மணி நேரம் கழித்து 11 பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொரு வரியாகப் போனேன்.

மூச்சுக்கு வைக்கும் நெபுலைசர் நான்கு நாளும் தினம் நான்கு முறை என்று போட்டிருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலமே அதை எடுத்துவிட்டார்கள், சம்மரியிலும் அப்படித்தான் இருக்கிறது. மார்பு எக்ஸ்ரே ஒரே நாளில் இரண்டு. ஒன்றுதான் எடுத்தார்கள், நான் கூடவே இருந்தேன். மூன்றாம் நாள் மாற்றிவிட்ட ஊசி மருந்தில் பிரிக்காத நான்கு குப்பிகளைத் திருப்பிக் கொடுத்ததாக ஞாபகம், அதற்கான பணத்தை எங்கேயும் கழிக்கவில்லை. கோபப்படாமல் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்க எண் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் அந்த 11 பக்கத்தைப் பார்க்காமலேயே மூன்று மாதமாகக் கடன் அடைத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் மனதை அறுக்கிறது.

இரவுப்பணி:
மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள் அக்கா. பெரும்பாலும் இது திட்டமிட்டு நடப்பதில்லை. மருந்து உத்தரவைக் கணினியில் போட்டுவிட்டு நிறுத்தும்போது நிறுத்த மறந்துவிடுவார்கள், அது பாட்டுக்குத் தினமும் பில்லில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் படிக்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன், உள்ளே இருக்கும்போதே இரண்டு நாளுக்கு ஒருமுறை இடைக்கால பில் கேளுங்கள். கூட இருக்கிறவர் ஒரு சின்ன நோட்டில் எந்த நேரம் எந்த ஊசி, எந்தப் பரிசோதனை, எந்த மருத்துவர் வந்தார் என்று எழுதி வையுங்கள். டிஸ்சார்ஜ் அன்று எல்லாரும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பீர்கள், அப்போது எதையும் சரிபார்க்க முடியாது.

மாத்திரைப்பெட்டி:
மருந்தாளுநராக இருக்கிறேன், என் பங்குக்கு ஒன்று. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அப்பா சாப்பிடும் எல்லாவற்றையும், மாத்திரை, சிரப், சத்து மாத்திரை, பக்கத்து வீட்டில் கொடுத்த தைலம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் ஒரு அம்மா இப்படி ஒரு பையோடு என்னிடம் வந்தார். ஒன்பது வகை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற கண்ணாடியை வைத்து அட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தோம். வயிற்று எரிச்சலுக்கு ஒரு மருத்துவர் பான்டோபிரசோல் எழுதியிருக்கிறார், மூட்டுவலி மருத்துவர் வேறொரு பெயரில் ரபேபிரசோல் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே வேலை. அதோடு சளிக்கு ஒன்று, உடம்புவலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று மூன்று அட்டை, மூன்றிலும் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. அந்த அம்மா நல்ல வேளையாக மூன்றையும் ஒரே நாளில் போடவில்லை. அவருடைய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி ஒன்பதை ஆறாக்கினோம். செலவும் குறைந்தது, ஆபத்தும் குறைந்தது.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தப் பெயர் உலகம் முழுக்க ஒன்றே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1953-இல் முதல் பட்டியலை வெளியிட்டது, இன்றும் அந்த வேலை தொடர்கிறது. பெயரின் வாலைப் பார்த்தாலே குடும்பம் தெரியும்: "பிரசோல்" என்றால் வயிற்று அமிலம், "ஸ்டாட்டின்" என்றால் கொழுப்பு, "சார்டன்" என்றால் இரத்த அழுத்தம். ஒரே வாலோடு இரண்டு அட்டை வீட்டில் இருந்தால் உடனே கேளுங்கள்.

அந்தச் சின்ன எழுத்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஜெனரிக் கிடைக்கும். காப்புரிமை 20 வருடம், அது முடிந்தபின் எந்தக் கம்பெனியும் அதே மருந்தைச் செய்யலாம். போட்டி வந்ததும் விலை விழுந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு இருக்கும் இரண்டு நோய்க்கும், மெட்ஃபார்மின், அம்லோடிபின் மாதிரிக் காலங்காலமாகப் புழங்கும் நல்ல மருந்துகளுக்கு ஜெனரிக் உண்டு.

தனிவழி:
ஜெனரிக்கில் மருந்து 20 சதவீதம் வரை குறைவாக இருக்கலாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது என்று படித்தேனே. 80-இலிருந்து 125 வரை ஏற்றுக்கொள்வார்களாம். சிக்கனம் பார்த்து அரைகுறை மருந்தைச் சாப்பிடச் சொல்கிறீர்களா?

மாத்திரைப்பெட்டி:
நல்ல கேள்வி சார், இதைப் பலர் தப்பாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றியது அல்ல அந்த 80-125. இரத்தத்தில் எவ்வளவு மருந்து சேர்கிறது என்று ஆட்களுக்குக் கொடுத்து அளக்கிறார்கள். பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, அளவீட்டில் வரும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, அந்த முழு வீச்சும் 80-க்கும் 125-க்கும் நடுவில் அடங்க வேண்டும். சராசரி 82-இல் நின்றால் வீச்சின் கீழ்முனை அநேகமாக 80-க்குக் கீழே போய்விடும், மருந்து தேறாது. அதனால் நடைமுறையில் சராசரி 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். 1996 முதல் 2007 வரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஜெனரிக்குகளின் 2,070 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சேரும் மொத்த அளவில் சராசரி வேறுபாடு 3.5 சதவீதம் சுமார். ஒரே பிராண்டின் இரண்டு தொகுப்புகளுக்கு நடுவிலேயே சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் பயத்தில் ஒரு நியாயமும் உண்டு. தைராய்டுக்கான லிவோதைராக்சின், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன், மனநலத்துக்கு லித்தியம், இவற்றில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிக் கொடுக்கும். இவற்றை மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றாதீர்கள். மாற்றினால் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்புறம், கடை எதுவானாலும் முறையான உரிமம் உள்ள கடை, பில்லோடு. இந்த இரண்டும் தவிர்த்து ஜெனரிக்கில் பயப்பட ஒன்றும் இல்லை. என் அம்மாவுக்கு நான் அதைத்தான் வாங்குகிறேன்.

ஒன்று விட்டுப்போனது. பெரிய மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்துச் சேமிக்கிறவர்கள் உண்டு. நடுவில் கோடு போட்ட மாத்திரையாக இருந்து மருத்துவரும் சரி என்றால் செய்யலாம். மெதுவாகக் கரையும் வகையையும், குடலில் போய்க் கரையும் உறை போட்ட வகையையும் உடைக்கவே கூடாது. உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

செம்பருத்தி:
பாலிசி மாற்றுவது பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் பிரீமியம் குறைவு என்று ஒரு புதுக் கம்பெனிக்கு மாறினோம். படிவத்தை முகவரே நிரப்பினார். "ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா" என்ற இடத்தில் என் கணவரின் சர்க்கரையைச் சொன்னேன், "சின்ன அளவுதானே, போட்டால் பிரீமியம் ஏறும், விடுங்கள்" என்றார். நானும் விட்டேன். இரண்டாம் வருடம் அவருக்குக் காலில் புண் வந்து அறுவை சிகிச்சை. மருத்துவமனை அனுப்பிய வரலாற்றில் "ஆறு வருடமாகச் சர்க்கரை" என்று இருந்தது. கிளைமை மறுத்தது மட்டுமில்லை, பாலிசியையே ரத்து செய்துவிட்டார்கள். கையெழுத்து என்னுடையது. முகவர் சொன்னார் என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? நகையை விற்றுத்தான் கட்டினோம்.

மழைக்காகிதம், அப்பாவுடைய எல்லா நோயையும் எழுதுங்கள், ஒன்றுவிடாமல். பிரீமியம் ஏறினால் ஏறட்டும். படிவத்தை நீங்களே நிரப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும்வரை உள்ள காத்திருப்புக் காலம் எத்தனை வருடம், பழைய பாலிசியில் காத்திருந்த வருடங்கள் புதியதில் கணக்கில் வருமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புது பாலிசி கைக்கு வந்து தொடங்கும் தேதி வரும்வரை பழையதை விடாதீர்கள். நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இருக்கக் கூடாது.

பழையசைக்கிள்:
செம்பருத்தி அம்மா சொன்னதை இரண்டு முறை படியுங்கள் எல்லாரும். இதைவிட விலையுயர்ந்த "சேமிப்பு" கிடையாது.

கிளைம் மறுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அம்மா விஷயத்தில் நோயை மறைத்தது அவர்களுக்குச் சாதகமாகிவிட்டது. ஆனால் "இந்தச் சிகிச்சை தேவையில்லை", "தாள் போதவில்லை" என்று மறுப்பவை நிறைய. எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எண்ணோடு எழுத்தில் கேளுங்கள். அந்தப் பத்தியைப் பாலிசியில் எடுத்துப் படியுங்கள். சிகிச்சை ஏன் தேவைப்பட்டது என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கெடு இருக்கும், தேதியைக் காலண்டரில் குறியுங்கள். என் தங்கையின் கிளைமை இப்படித்தான் மீட்டோம், இரண்டு பக்கக் கடிதமும் ஐந்து மாதமும் ஆயிற்று.

நீலக்குடை:
எனக்குத் தோன்றுவது, மருந்து விலையைவிடத் தேவையில்லாத பரிசோதனையில்தான் பணம் அதிகம் போகிறது. போன வருடம் இடுப்புப் பிடிப்பு வந்து எழுந்திருக்கவே முடியவில்லை. மருத்துவர் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை, நானாகவே எம்.ஆர்.ஐ. எடுத்தேன். "டிஸ்க் தேய்மானம், வீக்கம்" என்று அறிக்கை வந்தது. பயந்துபோய் ஒரு நிபுணர், இன்னொரு நிபுணர், ஊசி, பெல்ட் என்று இழுத்தது. கடைசியில் குணமானது நடையாலும் பயிற்சியாலும்தான், அதைத்தான் முதல் மருத்துவரும் சொன்னார்.

பிறகு தேடிப் படித்தேன். வலியே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் முதுகு ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 80 வயதில் 96 சதவீதம். முடி நரைப்பது மாதிரி அது. அறிக்கையில் தேய்மானம் என்று இருந்தால் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகாது.

இரவுப்பணி:
நீலக்குடை அண்ணா சொன்னது சரி. ஆனால் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தே ஆக வேண்டும். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், கால் பலம் குறைந்துகொண்டே வந்தால், தொடை இடுக்கில் மரத்துப்போனால், காய்ச்சல் இருந்தால், முன்பு புற்றுநோய் வந்திருந்தால், விழுந்து அடிபட்டிருந்தால், இரண்டு வாரம் பொறுக்காதீர்கள், அன்றே போங்கள். சேமிப்புப் பேச்சைப் படித்துவிட்டு யாராவது இதில் தாமதித்துவிடக் கூடாது.

பரிசோதனை எழுதினால் மூன்று கேள்வி கேளுங்கள். இதன் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா? கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன ஆகும்? போன மாதம் எடுத்ததை வைத்தே பார்க்க முடியாதா? மூன்றாவதுதான் அதிகம் பணம் மிச்சம் பிடிக்கும். பழைய அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருப்பவர்கள் இரண்டாம் முறை இரத்தம் கொடுப்பது குறைவு.

நீலக்குடை:
வருடத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை என்று தள்ளுபடியில் கொடுக்கிறார்களே, அது லாபமா?

இரவுப்பணி:
அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆரோக்கியமானவர்களுக்கு மொத்தமாகச் செய்யும் பொதுப் பரிசோதனைகளை இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பார்த்தது, இறப்பு குறையவில்லை. அறுபது எழுபது அளவீடு எடுத்தால் ஒன்றிரண்டு வரம்பைத் தாண்டித்தான் இருக்கும், அதைத் துரத்திக்கொண்டு போகும் செலவு தனி. அதற்காக எதையும் பார்க்க வேண்டாம் என்று இல்லை. இரத்த அழுத்தம், வயதுக்கேற்பச் சர்க்கரை, பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை, தடுப்பூசி, இவை பயன் தெரிந்தவை, செலவும் குறைவு. பாலிசியில் இவை இலவசமாக அடங்கியிருக்கலாம், பாருங்கள். கட்டின பணத்துக்குக் கிடைப்பதைப் பலர் வாங்குவதே இல்லை.

தனிவழி:
ஒன்று ஒத்துக்கொள்கிறேன், பழையசைக்கிள் ஐயாவின் கணக்கை நேற்று இரவு என் எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன். என் சேமிப்பு ஒரு நடுத்தர அறுவை சிகிச்சை வரைதான் தாங்கும். டிடக்டிபிள் அதிகமான பாலிசி ஒன்றை எடுத்து, சேமிப்பை அந்த டிடக்டிபிளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று படுகிறது. கோ-பே, அதாவது பில்லில் ஒரு சதவீதத்தை நானே கொடுப்பது, போட்டால் பிரீமியம் இன்னும் குறைகிறதே, அதையும் எடுக்கலாமா?

பழையசைக்கிள்:
மகிழ்ச்சி தம்பி. கோ-பேயில் ஜாக்கிரதை. டிடக்டிபிளில் உங்கள் பங்குக்கு ஒரு முடிவு உண்டு, கோ-பே சதவீதத்துக்கு அது இல்லை. பில்லில் 20 சதவீதம் என்றால், பில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு உங்கள் பங்கும் பெரிது. மிகப் பெரிய செலவுக்காகத்தான் காப்பீடே எடுக்கிறோம், அங்கேயே ஐந்தில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழும். "என் கையிலிருந்து வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் போகாது" என்று உச்சவரம்பு போட்டிருந்தால் கோ-பே எடுக்கலாம். வரம்பு இல்லாவிட்டால் என்னைக் கேட்டால் வேண்டாம். அறை வாடகைக்கும் இன்னின்ன சிகிச்சைக்கும் தனித்தனி வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காகிதம் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு கையிலிருந்து போனதற்கு இப்படி ஏதாவது ஒரு வரி காரணமாக இருக்கும்.

இன்னொரு பழைய ஆராய்ச்சி இங்கே சொல்லத் தகும். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் தொடங்கி 1982 வரை ஒரு சோதனை நடத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பிரித்து, சிலருக்கு வைத்தியம் முழுக்க இலவசம், சிலருக்குச் செலவில் ஒரு பங்கு அவர்களே கொடுக்க வேண்டும். கையிலிருந்து கொடுத்தவர்கள் வைத்தியத்துக்குப் போவதைக் குறைத்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் ஏறக்குறைய அதே அளவு குறைத்தார்கள். பெரும்பாலானோருக்கு அதனால் பெரிய கேடு வரவில்லை. ஏழைகளாகவும் ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ளவர்களாகவும் இருந்தவர்களுக்கு மட்டும் இலவச வைத்தியத்தில்தான் உடம்பு தேறியது. அம்மா, உங்கள் அப்பாவின் மாத்திரை அட்டையைப் பற்றி நீங்கள் எழுதியதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பணம் போகிறது என்றால் மனிதன் கண்ணுக்குத் தெரியாததில்தான் முதலில் கைவைக்கிறான்.

குமிழ்:
அம்மா, அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு கூட. 2002-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களில் எடையை 7 சதவீதம் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் நடக்கவும் பழக்கப்படுத்தப்பட்டவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கு 31 சதவீதம். நானே விளிம்பில் இருந்தவன், மூன்று வருடமாக நடக்கிறேன், இன்னும் மாத்திரை தொடங்கவில்லை.

மழைக்காகிதம்:
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லாமல் விட மனமில்லை.

மருத்துவரின் மேசையில் பையைக் கொட்டினோம். ஏழு அட்டை. அப்பா விட்டுவிட்டுப் போட்டது அம்லோடிபினும் ஒரு சார்டனும் சேர்ந்த பிராண்ட் மாத்திரை. இரவுப்பணி பயந்த "லால்" இல்லை. மருத்துவர் அதை இரண்டு தனித்தனி ஜெனரிக்காக எழுதினார், விலை பாதிக்கும் கீழே. சத்து மாத்திரைகள் இரண்டை நிறுத்தச் சொன்னார். விலையை அப்பாவிடமே படித்துக் காட்டினேன், "இவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார். நான் ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மாத்திரை போட்டதும் பேனாவால் கோடு இழுக்கிறார். முதல் வாரம் இரத்த அழுத்தம் 168/96 இருந்தது, இன்று காலை 138/82.

பில் விஷயத்தில் எக்ஸ்ரேயையும் நெபுலைசரையும் ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பினார்கள். ஊசிக் குப்பிக்குச் சான்று இல்லை என்றுவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்போது நான் கையெழுத்து வாங்கவில்லை, அது போனது போனதுதான்.

பாலிசியைப் பிரித்தோம். எங்கள் நால்வருக்கும் டிடக்டிபிள் கூடிய ஒன்று, அப்பாவுக்குப் பழைய கம்பெனியிலேயே தனியாக, காத்திருப்புக் காலம் தொடர்கிறது என்று கடிதம் வாங்கிக்கொண்டு. இரண்டும் சேர்த்தே போன வருடத் தொகையைவிடக் கொஞ்சம் குறைவு. மிச்சத்தைத் தனிக் கணக்கில் போடுகிறவர் கணவர்தான், வங்கியில் போடலாம் என்று சொன்னது அவர்தானே. ஐயா சொன்னது போல அறை வாடகை வரம்புதான் அந்த மூன்றில் ஒரு பங்கைத் தின்றிருக்கிறது. அப்பாவின் புதுப் பாலிசியிலும் அந்த வரி இருக்கிறது. அதை எடுத்துவிட எவ்வளவு கூடக் கேட்பார்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.